கீழிமைப் பைக்குச் சத்திரசிகிச்சை: உள்வழியா, வெளிவழியா? கொழுப்பை அகற்றுவதா, இடம் மாற்றுவதா?

ஹட்டன் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். முப்பது வயதைத் தாண்டியதிலிருந்தே என்னுடைய இரு கண்களுக்கும் கீழே பை போன்ற புடைப்பு இருக்கிறது. என் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அதே இடத்தில் அதே வடிவில் இருப்பதால், இது குடும்ப வழியாக வந்ததென்றே எண்ணுகிறேன். நாற்பதைக் கடந்த பிறகு அது மேலும் பெருத்து, நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் வகுப்பில் பிள்ளைகள் "டீச்சருக்குச் சுகமில்லையா?" என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

சத்திரசிகிச்சை செய்துகொள்வதென்று தீர்மானித்து இரண்டு விசேட வைத்திய நிபுணர்களிடம் ஆலோசனை பெற்றேன். கொழும்பில் பார்த்தவர், கீழிமையின் உட்பக்கமாகத் திறந்து கொழுப்பை எடுத்துவிட்டால் போதும், வெளியே தழும்பே இராது என்றார். கண்டியில் பார்த்தவர், இமை மயிருக்குக் கீழே வெளிப்பக்கமாகக் கீறி, கொழுப்பைக் கன்னப் பக்கமாக இறக்கி வைத்து, தளர்ந்த தோலையும் சிறிது வெட்ட வேண்டும் என்றார். இருவருமே பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் ஒரே கண்ணைப் பார்த்த இருவர் ஏன் இவ்வளவு வேறுபட்ட வழிகளைச் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. செய்துகொண்டவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் தெளிவுபடுத்தினால் பேருதவியாக இருக்கும்.

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

டீச்சர், உங்களைப் பரிசோதிக்காமல் எது சரி என்று நான் சொல்வது முறையாகாது. ஆயினும் அந்த இரு நிபுணர்களும் எதை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள் என்பதை விளக்க முடியும்.

எலும்புக் குழிக்குள் கண்விழியைச் சுற்றிலும் கொழுப்பு இருக்கிறது. அது முன்னே வந்துவிடாதபடி, குழியின் விளிம்பெலும்பிலிருந்து இமை வரை ஒரு மெல்லிய சவ்வு தடுத்து நிற்கிறது. பரம்பரை அமைப்பினாலோ வயதினாலோ அந்தச் சவ்வு தளரும்போது கொழுப்பு முன்னே தள்ளுகிறது. நாம் பை என்று காண்பது அதைத்தான். கீழிமையில் இந்தக் கொழுப்பு மூக்கோரம், நடு, வெளியோரம் என மூன்று அறைகளாகப் பிரிந்திருக்கிறது. சல்வடோர் கஸ்தனாரெஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1951 இல் இந்த அறைகளை விவரித்து எழுதியதிலிருந்து, எந்த அறை எவ்வளவு புடைத்திருக்கிறது என்று தனித்தனியே பார்த்துச் செய்வது வழக்கமாயிற்று. மூக்கோர அறைக்கும் நடு அறைக்கும் இடையே விழியை அசைக்கும் தசைகளில் ஒன்று செல்கிறது. அதில் காயம் பட்டால் பொருள்கள் இரட்டையாகத் தெரியும் என்பதால், இச்சிகிச்சை செய்பவர் எல்லாவற்றுக்கும் முன்னர் அந்தத் தசையை இனங்கண்டுகொள்ள வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஒரே கேள்வியாகக் கருதுவது உண்மையில் இரண்டு கேள்விகள். எந்த வழியாக உள்ளே போவது என்பது ஒன்று. உள்ளே போய்க் கொழுப்பை என்ன செய்வது என்பது மற்றொன்று. உள்வழி என்றால் அகற்றுவது, வெளிவழி என்றால் இடம் மாற்றுவது என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உள்வழியாகவே சென்று கொழுப்பை இடம் மாற்றவும் முடியும். இன்று பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உள்வழி புதிய கண்டுபிடிப்பு அன்று. பிரான்ஸ் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூலியன் பூர்கே 1924 இலேயே அதை விவரித்திருக்கிறார். கீழிமையைத் திருப்பி, இமைத்தட்டின் (இமைக்கு உறுதி தரும் தடித்த அடுக்கின்) கீழ் விளிம்புக்குச் சில மில்லிமீற்றர் கீழே உட்பக்கச் சவ்வைத் திறந்து கொழுப்பை அடைகிறார்கள். தோலும் இமையை மூடும் வட்டத்தசையும் வெட்டப்படுவதில்லை. வெளியே தழும்பு இல்லை என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இமையைத் தாங்கும் அடுக்குகள் குலையாமல் இருப்பதால் பின்னர் இமை கீழே இழுபடும் அபாயம் குறைகிறது என்பதே அதனினும் பெரிய நன்மை. வெளிவழியில் இமை மயிருக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் கீழே கீறி, தோலையும் தசையையும் சேர்த்துத் தூக்குகிறார்கள். மிகையான தோலை வெட்டுவதற்கும் தசையை இறுக்குவதற்கும் அதில் வசதி அதிகம். அந்தத் தழும்பு சில மாதங்களில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். வெளியே தெரியாத ஆழமான தழும்பு சுருங்கி இமையைக் கீழே இழுப்பதுதான் கவலைக்குரியது.

அடுத்தது கொழுப்பு. வெகுகாலம் வரை, புடைத்திருப்பதை வெட்டி எடுப்பதே சிகிச்சையாக இருந்தது. புடைப்பு அந்த வேளையில் மறைந்தாலும், வயது ஏறக் கன்னத்துச் சதையும் வற்றும்போது சிலருக்குக் கண் குழிவிழுந்து, முன்னைவிட முதுமையான தோற்றம் வந்தது. உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பைக்குச் சற்றுக் கீழே மூக்கோரத்திலிருந்து சரிந்து இறங்கும் ஒரு பள்ளம் தெரிகிறதா? மேலே புடைப்பும் கீழே பள்ளமும் சேர்ந்துதான் அந்தக் களைத்த தோற்றத்தைத் தருகின்றன. புடைத்த கொழுப்பை இரத்த ஓட்டத்தோடு அப்படியே வைத்து, விளிம்பெலும்பைத் தாண்டி இறக்கி, அந்தப் பள்ளத்தை நிரப்பலாம் என்ற சிந்தனை இதிலிருந்துதான் பிறந்தது. 1981 இல் பிரேசில் நாட்டு நிபுணர் லோப் இதை எழுதினார். 1995 இல் அமெரிக்க நிபுணர் ஹம்ரா, விளிம்பெலும்பில் சவ்வு ஒட்டியிருக்கும் இடத்தை விடுவித்துக் கொழுப்பைக் காப்பாற்றும் முறையை விரிவாக்கினார். பள்ளம் ஆழமாக உள்ளவர்களுக்கு இடம் மாற்றுவதையே நான் விரும்புகிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற தாதி:

டொக்டர் சொன்னவற்றை ஏற்றுக்கொண்டு, அவர் இன்னும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். நான் சத்திரசிகிச்சைக்கூடத்தில் நீண்ட காலம் பணியாற்றியவள். கொழுப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; ஆனால் பலன் நன்றாக அமைவதும் கெடுவதும் இமையின் உறுதியைப் பொறுத்தே இருப்பதை அங்கே நான் கண்டேன்.

கீழிமையை விரலால் கீழ்நோக்கி இழுத்து விட்டால், கண் சிமிட்டுவதற்கு முன்பே அது விழியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொள்ளத் தாமதமானாலோ, சிமிட்டிய பின்னரே ஒட்டினாலோ, இமையை இரு மூலைகளிலும் எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண் தளர்ந்திருக்கிறது என்று பொருள். இமையை விரல்களால் பிடித்து முன்னே இழுத்துப் பார்க்கையில் அது விழியிலிருந்து 6 மில்லிமீற்றருக்கு மேல் விலகினாலும் தளர்ச்சியே. அத்தகையவருக்குக் கொழுப்பை மட்டும் சரிசெய்து தோலையும் வெட்டிவிட்டால், சில வாரங்களில் இமை கீழே தொங்கி, கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியத் தொடங்கும். சிலருக்கு இமை வெளிப்பக்கம் மடிந்து, கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருக்கும். இதைத் தவிர்க்கவே வெளிமூலை நாணை எலும்பின் உட்புற உறையோடு தையலிட்டு இறுக்குகிறார்கள். தளர்ச்சி அதிகமாக இருந்தால், 1979 இல் ஆண்டர்சனும் கோர்டியும் விவரித்த முறைப்படி, இமையைச் சற்றுக் குறைத்து எலும்போடு புதிதாகப் பொருத்துகிறார்கள்.

ஆகவே டீச்சர், இரு நிபுணர்களிடமும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என் இமை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, மூலையை இறுக்க வேண்டியிருக்குமா என்பதுதான். இழுத்துப் பார்க்காமலே தோலை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

அக்கா மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு, பக்கவாட்டில் பார்த்தால், விழியின் முன்பகுதி கன்ன எலும்பைத் தாண்டி முன்னே நிற்கும். அவர்களுக்கு வழக்கம்போல மூலையை இறுக்கினால், இமை விழியைத் தழுவி மேலேறுவதற்குப் பதிலாக விழிக்கு அடியில் நழுவி இறங்கிவிடும். அத்தகைய முகத்தில் தோலை வெட்டுவதை இயன்றவரை தவிர்த்து, உள்வழியே செல்வது நல்லது.

கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். இமையோரத்தில் ஒரு சிறு தாள்பட்டையை 5 நிமிடங்கள் வைத்து, அது எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளக்கும் எளிய சோதனை இருக்கிறது. ஏற்கெனவே கண் வறட்சி உள்ளவருக்கு இச்சிகிச்சைக்குப் பிறகு அது கூடலாம்; நுவரெலியாப் பக்கத்து வருட ஆரம்பக் காற்றில் அது பெரும் தொல்லையாகிவிடும்.

மஸ்கெலியா வாசகர்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அண்மைக் காலமாக அவருக்கும் கண்ணுக்குக் கீழே வீங்குகிறது. காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் தெரிகிறது. தோட்ட டிஸ்பென்சரியில் வயதுக்கோளாறு என்றார்கள். அவருக்கும் இந்தச் சத்திரசிகிச்சை பயன்படுமா?

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

தம்பி, உங்கள் அம்மாவுக்கு இப்போது வேண்டியது சத்திரசிகிச்சை அன்று, பரிசோதனை. கொழுப்பினால் வரும் புடைப்பு நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். மேலே பார்க்கும்போது கூடித் தெரியும், கீழே பார்க்கும்போது குறையும். ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே வளரும். காலையில் வீங்கி மாலையில் வடிவது நீர்தான். அண்மையில் தொடங்கியதாகவும் சொல்கிறீர்கள். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டுவது), இரத்த அழுத்தம், தைரொயிட் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வாமையாகவும் இருக்கலாம், எதுவானாலும் சிறுநீரகத்தில் குறை இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வோம்.

தைரொயிட் நோயிலும் கண்ணுக்குக் கீழே புடைக்கும். அதில் விழி முன்தள்ளியோ மேலிமை உயர்ந்து முறைத்துப் பார்ப்பது போலவோ இருக்கும். சிலருக்குப் பொருள்கள் இரட்டையாகவும் தெரியும். அந்நோய் அடங்கி நிலைபெறும் முன்னர் இமையில் அழகுச் சிகிச்சை செய்யக் கூடாது.

பண்டாரவளை வாசகி:

நான் செய்துகொண்டவள் என்பதால் அனுபவத்தை எழுதுகிறேன். எனக்குப் பையும் இருந்தது, டொக்டர் சொன்ன அந்தப் பள்ளமும் இருந்தது. உள்வழியே சென்று, வெளியோர அறையில் சிறிது கொழுப்பை எடுத்து, மற்ற இரண்டையும் கீழே இறக்கி வைத்தார்கள். இறக்கிய கொழுப்பு நழுவாமலிருக்கக் கன்னத் தோலின் வழியே தையலை வெளியே எடுத்து ஒரு சிறு பஞ்சுத் துண்டின் மேல் முடிச்சிட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதை அகற்றினார்கள். மயக்க நிலைக்கு ஊசி போட்டு, இடத்தை மரக்கச் செய்திருந்ததால் வலி தெரியவில்லை. இழுபடும் உணர்வு மட்டும் இருந்தது.

முதல் வாரத்தில் முகம் கறுத்து வீங்கியிருந்தது. அதற்கு என்னை ஆயத்தப்படுத்தியிருந்தார்கள். கறுப்பு மறைந்த பிறகும், இறக்கி வைத்த இடத்தில் தொட்டால் தட்டுப்படும் ஒரு தடிப்பும், கன்னத்தின் மேற்பகுதியில் மரத்த உணர்வும் மாதக்கணக்கில் நீடித்தன. இவற்றை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. அந்தத் தடிப்பு கரையும் வரை நான் பட்ட மனவேதனை பெரிது. கொழுப்பை இடம் மாற்றிக்கொள்ள எண்ணுபவர்கள், வீக்கம் முழுவதும் வடிந்து உண்மையான பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். இன்று என் கண்களைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் கண்ணைச் சுற்றியிருந்த கருமை அப்படியே இருக்கிறது. அது போகாது என்பதை யாராவது விளக்கியிருக்கலாம்.

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

சகோதரி குறிப்பிட்ட கருமை நம்மவர்களுக்கு மிக முக்கியமான விடயம். நம் தோலில் கண்ணைச் சுற்றிய நிறக்கருமை இயல்பாகவே அதிகம். புடைப்பின் நிழலால் வரும் கருமை சத்திரசிகிச்சையால் மறையும். தோலின் நிறமியால் வரும் கருமை மறையாது. முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்துப் பார்த்தால் நிழல் போய்விடும், நிறமி அப்படியே நிற்கும். சத்திரசிகிச்சைக்கு முன் இதைச் செய்து பார்த்தால் பின்னர் ஏமாற்றம் இராது.

இதே காரணத்தால், தோலின் சுருக்கத்தைப் போக்க லேசர் செய்வதிலும் நம்மவர்களுக்கு எச்சரிக்கை வேண்டும். வெள்ளைத் தோலில் நல்ல பலன் தரும் லேசர், மாநிறத் தோலில் புண் ஆறிய பின் மேலும் கருமையை ஏற்படுத்திவிடக்கூடும். தோல் சிறிதளவே மிகையாக இருந்தால், இமை மயிருக்குக் கீழே அதைக் கிள்ளிப் பிடித்து, தசையைத் தொடாமல் அந்த மடிப்பை மட்டும் வெட்டித் தைப்பது எளிய வழி. உள்வழிச் சிகிச்சையோடு சேர்த்தே அதைச் செய்யலாம்.

தலவாக்கலை வாசகி:

கத்தியே வேண்டாம், ஒரு ஊசி போட்டால் பள்ளம் நிரம்பிவிடும் என்று அழகு நிலையங்களில் விளம்பரம் செய்கிறார்களே, அது எப்படி? அத்துடன், டொக்டர் கொழுப்பை இடம் மாற்றுவதையே விரும்புவதாகச் சொன்னார். என் தம்பிக்கு இருபத்தைந்து வயது. பள்ளம் இல்லை, பை மட்டும் பெரிதாக இருக்கிறது. அவருக்கும் அதுதானா?

பதுளை, ஓய்வுபெற்ற தாதி:

இந்த இடத்தில் டொக்டரிடமிருந்து நான் சிறிது வேறுபடுகிறேன். இளவயதினருக்கு, தோல் இறுக்கமாகவும் கன்னம் நிறைவாகவும் இருந்து, பை மட்டும் புடைத்திருந்தால், உள்வழியே அளவோடு கொழுப்பை எடுப்பது போதும். அது குறைந்த நேரத்தில் முடியும், வீக்கம் விரைவில் வடியும், தடிப்பும் மரப்பும் அநேகமாக இரா. இடம் மாற்றுவது இப்போது பரவலாகிவிட்டது என்பதற்காக எல்லோருக்கும் அதைச் செய்யத் தேவையில்லை. அளவோடு என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். படுத்திருக்கும்போது கொழுப்பு பின்னே சென்றுவிடும் என்பதால், விழியை மெல்ல அழுத்திப் பார்த்து, முன்னே வருவதை மட்டும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். இழுத்து இழுத்து எடுத்தால் குழி விழும். உள்ளே இரத்தக் குழாயும் அறுபடும்.

ஊசி விடயத்தில் நான் கண்டிப்பானவள். பள்ளத்தை நிரப்பப் போடும் ஹயலுரோனிக் அமிலத்தைத் தகுதியுள்ள வைத்தியர் போட்டால் ஆழமற்ற பள்ளத்துக்குச் சில காலம் பயன் தரும். பெரிய பைக்கு அது தீர்வாகாது. தோலுக்கு மிக அருகில் போட்டால் நீல நிறமாகத் தெரியும். தவறி இரத்தக் குழாய்க்குள் சென்றால் பார்வையே போகக்கூடும். அழகு நிலையத்தில் கண்ணருகே ஊசி போட எவருக்கும் இடம் கொடுக்காதீர்கள். ஊசி போடுபவரோ கத்தி வைப்பவரோ, அவர் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் உரிமை.

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

தலவாக்கலைச் சகோதரியின் தம்பியைப் பொறுத்தவரை அக்கா சொல்வதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். பள்ளம் இல்லாதவருக்கு நிரப்ப வேண்டிய இடமும் இல்லை.

மலையகத்தில் வாழ்பவர்களுக்கென்று நான் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சிகிச்சையில் மிக அஞ்ச வேண்டியது கண்குழிக்குள் ஏற்படும் இரத்தக்கசிவு. ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு அது ஏற்படலாம். நிரந்தரமாகப் பார்வை போவது அதிலும் மிக அரிது. ஆனால் அது நேர்ந்தால், குழிக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்புக்கும் விழித்திரைக்கும் இரத்தம் போவது தடைப்படும். ஒன்றரை மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் இழந்த பார்வை மீளாமல் போகக்கூடும். கடுமையான வலி, விழி முன்தள்ளிக் கல்லைப் போல இறுகுதல், பார்வை மங்குதல் ஆகியவை அதன் அறிகுறிகள். வெளிமூலையை வெட்டித் திறந்து அழுத்தத்தை விடுவிப்பதே உடனடிச் சிகிச்சை. இது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நிகழ்வது. அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம் என்று கொழும்பில் சொல்வது, கொழும்பில் வசிப்பவருக்குப் பொருந்தும். கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு மணிக்கணக்காக வளைவுகளில் ஏறி வர வேண்டும். மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்பது தெரியாது. ஆகவே முதல் ஓரிரு இரவுகளையாவது வைத்தியசாலைக்கு அருகிலேயே கழிக்க ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் அதை மறைக்கக் கூடாது. தாமாக நிறுத்தவும் கூடாது. இருதய வைத்தியரும் சத்திரசிகிச்சை நிபுணரும் கலந்து பேசியே அதைத் தீர்மானிக்க வேண்டும். மீனெண்ணெய், விற்றமின் ஈ, பூண்டு மாத்திரைகள் ஆகியவையும் இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் அவற்றையும் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு, அது சீராகும் வரை திகதியைத் தள்ளி வைப்பதே பாதுகாப்பு.

பண்டாரவளை வாசகி:

டொக்டர் சொல்வது போலவே நான் தங்கியிருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். முதல் இரண்டு நாட்கள் குளிர் ஒத்தடமும், தலையை உயர்த்திப் படுப்பதும் மிகவும் உதவின. குனிவதும் பாரம் தூக்குவதும் இரண்டு வாரங்களுக்குக் கூடாது என்றார்கள். எனக்கு அலுவலக வேலை என்பதால் சமாளிக்க முடிந்தது. மலையில் குனிந்து கொழுந்து பறித்து, நிறைந்த சாக்கைத் தலையில் மாட்டிச் சுமப்பவர்களுக்கு இரண்டு வார நாட்சம்பளத்தை இழப்பது சிறிய காரியமன்று. அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியா வாசகர்:

அம்மாவை டிக்கோயாவுக்கு அழைத்துச் சென்றேன். சிறுநீரில் புரதம் அதிகமாக இருப்பதாகச் சொல்லி, சிறுநீரகக் கிளினிக்குக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். டொக்டருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹட்டன் ஆசிரியை:

தம்பி, உங்கள் அம்மா விரைவில் குணமடைய வேண்டும்.

இங்கே படித்தவற்றை எழுதி எடுத்துக்கொண்டு கண்டி நிபுணரிடம் மீண்டும் சென்றேன். அவர் இமையை இழுத்துப் பார்த்து, தளர்ச்சி சிறிதளவே உண்டு என்றும், மூலையில் ஒரு தாங்குதையல் போதும் என்றும் சொன்னார். உள்வழியே சென்று கொழுப்பை இடம் மாற்றி, தோலில் கிள்ளிப் பிடிக்கும் அளவை மட்டும் வெட்டினால் என்ன என்று கேட்டேன். அதுவும் என் கண்ணுக்குப் பொருந்தும், தசையை வெட்டாமல் முடிக்கலாம் என்று அவரே ஏற்றுக்கொண்டார். என் கண்ணீர்ச் சுரப்பும் போதுமான அளவில் இருக்கிறது. பாடசாலை விடுமுறையில் செய்துகொள்ளத் திகதி கேட்டிருக்கிறேன். கண்டியில் சித்தி வீட்டில் தங்குவேன். ஒரே ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது: தையல் பிரிப்பதற்கு மட்டும் மீண்டும் கண்டிக்குப் போகாமல், ஹட்டனிலேயே பிரித்துக்கொள்ளலாமா?

கண்டி, கண் பிரிவு வைத்தியர்:

இமை மயிருக்குக் கீழே உள்ள தோல் தையலை ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் பிரிப்பார்கள். அதை அனுபவமுள்ள எந்த வைத்தியரும் செய்யலாம். கன்னத்தின் வழியே கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தையலை மட்டும் அதைப் போட்டவரே அகற்றட்டும். கொழுப்பு நிலைத்து நிற்கிறதா, இமை விழியோடு ஒட்டியிருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டிய நாளும் அதுவே. ஆகவே சித்தி வீட்டில் அதுவரை தங்கிவிடுங்கள், டீச்சர்.